பென்சில் நுழைகிற சந்து

(அடுக்குமாடிக் குடியிருப்போர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)



காலையில் சமையல் மேடையைத் துடைக்கப் போனால் அடுப்புக்குப் பின்னால் நாலைந்து கறுப்புத் துணுக்குகள் கிடக்கின்றன. உடனே வீடு பரபரக்கிறது. 'எலி வந்துவிட்டது' என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய் எலி மருந்தோடு திரும்புகிறார். அந்தத் துணுக்கைப் போட்டது யார் என்று மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பார்த்தால் தெரிந்துவிடும். துணுக்கின் ஒரு நுனியில் வெள்ளைப் புள்ளி இருந்தால் அது பல்லி எச்சம். முனை மழுங்கி, நீளவாக்கில் வரி ஓடியிருந்தால் கரப்பான். அரை அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் வீட்டு எலி. 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளத்தில், முனைகள் கூர்த்து, ஓர் அரிசிக்கு மேல் போகாத அளவில் இருந்தால்தான் சுண்டெலி. நால்வரையும் ஒரே மருந்தால் விரட்ட முடியாது. நால்வரில் ஒருவர் வந்த வழியாக மற்றவர் வந்திருக்கவும் மாட்டார்.

நம் வீடுகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. சுவரோரமாகக் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டு ஓடும், நீண்டு கூர்ந்த மூக்கும் கடுகளவு கண்ணும் உள்ள மூஞ்சூறை எலி என்று எண்ணி அடித்துவிடுகிறார்கள். மூஞ்சூறு கொறிக்கும் பிராணியே அல்ல. கரப்பானும் பூச்சியும்தான் அதன் சாப்பாடு. பிள்ளையாரின் வாகனம் என்று சொல்லி அதை அடிக்க விடாத பாட்டிமார்கள் செய்தது முற்றிலும் சரி. மூஞ்சூறு வேண்டாம் என்றால் கரப்பானை ஒழித்தால் போதும், அது தானாக வேறு வீடு பார்த்துக்கொள்ளும். எலிக்குட்டியையும் சுண்டெலி என்று நினைத்துவிடுவதுண்டு. குட்டியானால் தலையும் பின்னங்காலும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கும், வால் தடித்திருக்கும். வளர்ந்த சுண்டெலிக்குக் கால் சிறிது, காது பெரிது.

இனிச் சுண்டெலி. எடை 12 முதல் 30 கிராம் வரை. உடம்பு ஒரு விரல் நீளம், வாலும் ஏறத்தாழ அவ்வளவே. ஒரு நாளைக்கு 3 கிராம் தானியம் அதற்குப் போதும். உணவில் கொஞ்சம் ஈரம் இருந்தால் தண்ணீர் குடிக்காமலேயே காலம் தள்ளிவிடும். அதனால் 'ராத்திரி தண்ணீர் வைக்காமல் மூடிவிட்டேன், இனி வராது' என்ற நம்பிக்கை பலிப்பதில்லை. ஓரிடத்தில் உட்கார்ந்து வயிறு நிரம்பத் தின்னும் பழக்கமும் அதற்கு இல்லை. ஓர் இரவில் 15, 20 இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கும். போகிற வழியெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விடும். நாளொன்றுக்கு 50 முதல் 75 புழுக்கை போடும். தின்று தீர்ப்பது சொற்பம், தொட்டுக் கெடுப்பதுதான் அதிகம்.

பெருகும் வேகத்தையும் சொல்லியாக வேண்டும். சினைக்காலம் மூன்று வாரத்துக்கும் குறைவு. ஓர் ஈற்றில் ஐந்து முதல் எட்டுக் குட்டிகள். பிறந்த ஆறு வாரத்தில் அவையும் இனப்பெருக்கத்துக்குத் தயார். பொங்கலன்று பிறந்த பெண் சுண்டெலி பங்குனிக்குள் தாயாகிவிடும். ஆனால் ஊர் சுற்றும் பிராணி அல்ல. கூட்டிலிருந்து மூன்று மீட்டர், மிஞ்சினால் பத்து மீட்டர், அவ்வளவுதான் அதன் உலகம். சமையலறையில் தென்பட்ட சுண்டெலி பெரும்பாலும் அந்தச் சமையலறைக்குள்ளேயோ அதை ஒட்டிய சுவருக்குள்ளேயோ குடியிருக்கிறது. எங்கோ தோட்டத்திலிருந்து வந்து போகிறது என்று வேலியோரம் தேடுவது வீண்.

இந்தக் குடித்தனம் எப்போது தொடங்கியது? உழவு தொடங்கி, தானியம் குவிந்த பிறகுதான் சுண்டெலி மனிதனோடு சேர்ந்தது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2017-இல் வெளியான ஓர் ஆய்வு அதை மாற்றியது. இஸ்ரேலின் வடக்கே ஐன் மல்லாஹா என்ற இடத்தில் நத்தூஃபியர் என்று தொல்லியலாளர் அழைக்கும் மக்கள் சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தார்கள். உழவு தெரியாது. வேட்டையாடினார்கள், காட்டுத் தானியம் சேகரித்தார்கள், ஆனால் ஓரிடத்தில் வீடு கட்டித் தங்கினார்கள். அந்த மண்ணில் கிடைத்த எலிப் பற்களின் வடிவத்தை ஆய்வாளர்கள் அளந்தார்கள். மக்கள் நிலையாகத் தங்கிய காலங்களில் வீட்டுச் சுண்டெலியின் பற்கள் மிகுதியாக இருந்தன. அவர்கள் இடம்பெயர்ந்து திரிந்த காலங்களில் அவை குறைந்து, அக்கம்பக்கத்துக் காட்டுச் சுண்டெலியின் பற்கள் மிகுந்தன. நிலையான கூரையும் சிந்திய உணவும்தான் சுண்டெலியை அழைத்தன. வயல் வந்தது அதற்குப் பிறகு, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. மொகஞ்சதாரோவில் சுடுமண்ணால் செய்த எலிப்பொறி கிடைத்திருக்கிறது. திட்டமிட்ட தெருவும் சாக்கடையும் செங்கல் வீடும் கட்டிய அந்த நகரத்தாருக்கும் எலித் தொல்லை தீரவில்லை என்பது நமக்கு ஓர் ஆறுதல், எச்சரிக்கையும்கூட.

குளிர் தடுக்குமா? தடுக்காது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் உணவுத் தானியத்தைக் காக்க ஆக்ஸ்ஃபோர்டில் சார்ல்ஸ் எல்டன் தலைமையில் ஒரு குழு எலிகளை ஆராய்ந்தது. 1946-இல் வந்த ஓர் ஆய்வு, பூஜ்யம் டிகிரிக்குக் கீழே உறைந்து கிடக்கும் இறைச்சிக் கிடங்குகளில் சுண்டெலிகள் வாழ்ந்து குட்டியும் போடுவதைப் பதிவு செய்தது. இரவும் பகலும் உறைகுளிர், வெளிச்சமில்லை, இறைச்சியைத் தவிர வேறு உணவில்லை. அங்கேயே பெருகுகிற பிராணிக்குச் சென்னை அடுக்ககத்தின் சமையலறை எவ்வளவு சௌகரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

சுண்டெலியால் என்ன கேடு என்பதற்கு நியூயார்க்கில் 1946-இல் நடந்ததைச் சொல்லலாம். குவீன்ஸ் பகுதியில் கியூ கார்டன்ஸ் என்ற இடத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். முதலில் உடம்பில் எங்கோ ஒரு புண், அதன் மேல் கறுத்த பொருக்கு. சில நாளில் கடுங்காய்ச்சல், தலைவலி. பிறகு அம்மை போல் உடம்பெங்கும் கொப்புளம். நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். காரணம் ஒன்றும் பிடிபடவில்லை. சார்ல்ஸ் பொமரான்ட்ஸ் என்ற பூச்சி ஒழிப்புத் தொழிலாளி செய்தித்தாளில் படித்துவிட்டுத் தாமாகவே அங்கே போனார். கல்லூரியில் பூச்சியியல் படித்தவரல்லர், தானே படித்துத் தேர்ந்தவர். குப்பை எரிக்கும் அறைப் பக்கம் போய்ப் பார்த்தபோது சுவரில் ஊர்ந்துகொண்டிருந்த நுண்ணிய சிலந்திப்பேன்களைக் கண்டார், ரத்தம் குடித்துச் சிவந்திருந்தவை. மாடிதோறும் குப்பையைக் கொட்டும் குழாய் கீழே போய் முடியும் அந்த இடத்தில் சுண்டெலிகள் தாராளமாகக் குடியிருந்தன. சுண்டெலியின் மேல் வாழும் சிலந்திப்பேன், அதன் வழியாக மனிதனுக்கு ஒரு ரிக்கெட்சியா கிருமி. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த ராபர்ட் ஹியூப்னரின் குழு ஆய்வகத்தில் அதை உறுதி செய்தது. அந்த நோய்க்கு ரிக்கெட்சியா அம்மை என்றே பெயர்.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியவர் பொமரான்ட்ஸ்தான். மருத்துவர்கள் நோயாளியின் உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கட்டடத்தைப் பார்த்தார்.

நோய் அது ஒன்றல்ல. சால்மோனெல்லா கிருமியைச் சுண்டெலி உணவில் கலக்கும். மூளையுறையைத் தாக்கும் ஒரு வைரஸை அது சுமக்கக்கூடும், கருவுற்ற பெண்களுக்கு அது கூடுதல் ஆபத்து. அதன் சிறுநீரில் உள்ள ஒரு புரதம் ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு இழுப்பைக் கூட்டும் என்பதை அமெரிக்க நகரங்களின் நெருக்கடியான குடியிருப்புகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் புழுக்கையை விளக்குமாறால் பெருக்கக் கூடாது. பெருக்கினால் காய்ந்த துகள் காற்றில் எழுந்து மூச்சில் போகும். ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அதன் மேல் நன்றாகத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் காகிதத்தால் ஒற்றி எடுக்க வேண்டும்.

சரி, கொல்வதா விரட்டுவதா? முதலில் விஷத்தைப் பேசிவிடலாம், கடையில் முதலில் கைக்கு வருவது அதுதான்.

இன்று விற்கும் எலிக்கேக்குகளில் பெரும்பாலானவை ரத்தம் உறைவதைத் தடுப்பவை. அந்த வகை விஷம் பிறந்ததே ஒரு மாட்டுப் பண்ணையில். 1920-களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன இனிப்புத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் உள்ளே ரத்தம் கசிந்து செத்தன. 1933-இல் விஸ்கான்சினைச் சேர்ந்த ஒரு விவசாயி, செத்த கிடாரியையும் உறையாத ரத்தம் நிறைந்த பால் கேனையும் பனிப்புயலில் வண்டியிலேற்றி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு வந்தார். கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகம் பல ஆண்டு உழைத்து அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் 1948-இல் எலி விஷமாகச் சந்தைக்கு வந்ததுதான் வார்ஃபரின். சில ஆண்டுகளில் அதுவே மனிதருக்கு மருந்தாகி, 1955-இல் அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது கொடுக்கப்பட்டது. இன்றும் இதய நோயாளிகள் பலர் அதை விழுங்குகிறார்கள்.

எலிகள் சும்மா இருக்கவில்லை. வார்ஃபரினுக்கு அசையாத எலிகளும் சுண்டெலிகளும் தோன்றின. அதைவிட வீரியமாக புரோமடியோலோன் போன்றவை வந்தன. அதற்கும் தாக்குப்பிடிப்பவை வந்தன. ஸ்பெயினிலும் ஜெர்மனியிலும் உள்ள சில வீட்டுச் சுண்டெலிகள், அல்ஜீரியச் சுண்டெலி என்ற வேறோர் இனத்தோடு கலந்து, விஷம் தாங்கும் மரபணுவை அதனிடமிருந்து பெற்றுக்கொண்டன என்று 2011-இல் கண்டுபிடித்தார்கள். விஷம் தின்று செத்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் அந்த விஷம் போய்ச் சேர்கிறது.

விஷம் தின்ற எலி தண்ணீர் தேடி வெளியே ஓடிச் சாகும் என்பது நாடெங்கும் உலவும் நம்பிக்கை. அது உண்மையல்ல. சாவதற்கு நாலைந்து நாளாகும். அதற்குள் அது எங்கு வேண்டுமானாலும் முடங்கலாம். பெரும்பாலும் தன் கூட்டிலேயே, பீரோவுக்குப் பின்னாலோ பொய்க்கூரைக்கு மேலோ செத்துக் கிடக்கும். அந்த நாற்றத்தை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இவற்றைவிடக் கொடியது மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை. தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் கல்லீரல் பிரிவுகளில் அது இழைத்த சேதம் மிகப் பெரிது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைப் பற்றி விரிவாக ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். முறிமருந்து கிடையாது. பற்பசை என்று நினைத்துக் குழந்தைகள் வாயில் வைத்த துயரங்கள் நடந்திருக்கின்றன. முதல் நாள் வாந்தி வந்து, பிறகு இரண்டொரு நாள் தேறிவிட்டதுபோலத் தோன்றும். அந்த நம்பிக்கையில் வீட்டிலேயே வைத்திருந்தால் கல்லீரல் செயலிழக்கும். எலி மருந்து எதுவாயினும், குழந்தை தொட்டு வாயில் வைத்ததாகச் சந்தேகம் எழுந்தாலே போதும், 108-ஐ அழைத்து, மருந்தின் அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில் வைத்த எலி மருந்திலிருந்து கிளம்பிய நச்சுக்காற்று, இரவில் அறையை மூடிக்கொண்டு ஏசி போட்டுத் தூங்கிய ஒரு குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளின் உயிரைக் குடித்தது. ஒரு பிள்ளைக்கு ஆறு வயது, இன்னொன்று கைக்குழந்தை. மருந்தை வைத்தவர்கள் கூலிக்கு வந்த பூச்சி ஒழிப்பு ஆட்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகும் படுக்கையறையில் எலி மருந்து வைக்க எந்தத் தாய்க்கும் தந்தைக்கும் மனம் வராது. குழந்தையிருக்கும் வீட்டுக்குள் எலி விஷம் கூடாது, எந்த வடிவிலும் கூடாது. இந்த உரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பசை அட்டையைப் பற்றியும் அதே உறுதியோடு சொல்ல வேண்டும். ஒட்டிக்கொண்ட சுண்டெலி உடனே சாவதில்லை. தோல் கிழிய இழுத்து, தன் காலையே கடித்து, மணிக்கணக்கில் துடித்துச் சாகிறது. பல்லியும் மூஞ்சூறும்கூட அதில் மாட்டுகின்றன. இந்திய விலங்குகள் நல வாரியம் இதற்கு எதிராக மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இங்கிலாந்தில் 2024 ஜூலை 31 முதல் உரிமம் இல்லாமல் பசைப் பொறி வைப்பது குற்றம். ஏதாவது உயிர் ஏற்கெனவே ஒட்டியிருந்தால் சமையல் எண்ணெயைச் சுற்றிலும் ஊற்றினால் பிடி விடும்.

செருகி வைத்தால் எலி ஓடிவிடும் என்று விற்கும் மீயொலிக் கருவிகளுக்கும் காசு கொடுக்க வேண்டாம். அந்த விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க வணிக ஆணையம் 2001-இல் அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. கற்பூரம், புதினா எண்ணெய் எல்லாம் இரண்டு நாள் வாசனைதான். பாச்சை உருண்டையோ குழந்தைகள் புழங்கும் வீட்டில் நச்சு. பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைந்த குழந்தைகளுக்கு அதன் நெடியே ரத்த அணுக்களை உடைக்கும்.

எஞ்சுவது பொறி. இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் ஹுக்கர் 1894-இல் காப்புரிமை பெற்ற வில்பொறி இன்றும் பெரிதாக மாறவில்லை. பலகை, சுருள்வில், கம்பி, அவ்வளவுதான். சரியாக வைத்தால் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். விஷத்தோடும் பசையோடும் ஒப்பிட்டால் இதில்தான் வேதனை குறைவு. கொல்ல மனமில்லாதவர்கள் கம்பிக்கூண்டு வைக்கலாம். ஆனால் பொழுது விடிந்ததும் பார்த்தாக வேண்டும். அவ்வளவு சிறிய உடம்பு பசியையும் பயத்தையும் நெடுநேரம் தாங்காது.

பொறி வைத்தும் விழவில்லை என்று பலர் குறைப்படுவதற்குக் காரணம் வைத்த இடம். எலி புதுப் பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கும். சுண்டெலி நேர்மாறு. பிரிட்டனில் பல ஆண்டுகள் சுண்டெலிகளை ஆராய்ந்து 1966-இல் நூலாக எழுதிய பீட்டர் குரோக்ராஃப்ட், அவை தம் எல்லைக்குள் உள்ள ஒவ்வொன்றையும் சளைக்காமல் போய்ப் பார்ப்பதை விவரித்திருக்கிறார். புதிதாக ஒன்று வந்தால் முதல் இரவே மோந்து பார்க்கும். ஆகவே ஒற்றைப் பொறியை நடுக்கூடத்தில் வைத்து வாரக்கணக்கில் காத்திருப்பதில் பயனில்லை. முதல் இரவே ஐந்தாறு பொறி, சுவரை ஒட்டி, சுவருக்குக் குறுக்காக, இரை இருக்கும் முனை சுவரைத் தொட, இரண்டு மீட்டருக்கு ஒன்றாக வைக்க வேண்டும். சுண்டெலி நடுவெளியில் ஓடாது, மீசை சுவரில் உரசத்தான் ஓடும். இரைக்கு மசால்வடை மேல் நமக்குப் பாரம்பரியமான நம்பிக்கை உண்டு. அதில் தவறில்லை, ஆனால் பெரிய துண்டு கூடாது. பட்டாணி அளவு கடலைமிட்டாயோ வேர்க்கடலை விழுதோ கம்பியில் அழுந்தப் பூசினால் தூக்கிக்கொண்டு ஓட முடியாமல் அங்கேயே நின்று கொறிக்கும்.

இத்தனையும் செய்து வீட்டிலிருந்த ஆறு சுண்டெலிகளையும் பிடித்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் ஏழாவது வரும். அமெரிக்காவின் பால்ட்டிமோரில் 1940-களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் டேவிஸ் முதலானோர் நகரத்து எலிகளை ஆராய்ந்தார்கள். கொன்று குறைத்த தெருக்களில் எலிகள் மீண்டும் பெருகிப் பழைய எண்ணிக்கைக்கு வந்தன. குப்பையை ஒழுங்காக அகற்றி, கட்டடத்தைச் செப்பனிட்ட தெருக்களில் குறைந்தது குறைந்தபடியே நின்றது. அவர்கள் பார்த்தது பெரிய எலிகளை, ஆனால் பாடம் சுண்டெலிக்கும் அதுதான். இடமும் தீனியும் அப்படியே இருந்தால் ஆள் வந்துகொண்டே இருப்பார்.

எனவே சந்துகளைத் தேட வேண்டும். ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். அது நுழைகிற சந்தில், 6 மில்லிமீட்டர் இருந்தால் போதும், சுண்டெலி நுழையும். மண்டையோடு நுழைந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

பென்சிலோடு வீட்டைச் சுற்றி வர ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். முதலில் சிங்க்குக்கு அடியில். கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் போகுமிடத்தில் கொத்தனார் உடைத்த துவாரம் குழாயைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும். பிளம்பர் குழாயைச் செருகிவிட்டுப் போயிருப்பார், பூசுவது யார் வேலை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பல வீடுகளில் சுண்டெலியின் வாசல் இதுதான். அடுத்து, வெளியிலிருக்கும் சிலிண்டரிலிருந்து ரப்பர் குழாய் வரும் துவாரம். குழாயையும் தடவிப் பார்க்க வேண்டும், பல் பட்ட தடம் இருந்தால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். எண்ணெய் நிறுவனங்கள் விற்கும் ஆரஞ்சு நிறச் சுரக்ஷா குழாய்க்குள் எஃகுக் கம்பி இருப்பதால் கொறிக்க முடியாது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதையும் மாற்ற வேண்டும். பிறகு ஏசி குழாய் வெளியேறும் ஓட்டை. ஆள் வந்து மாட்டியபோது வைத்த வெள்ளைப் பசை காய்ந்து உதிர்ந்திருக்கும். வாஷிங் மெஷினின் நீர்க்குழாய், சலவை இடத்துச் சாக்கடை ஜாலி, கொசுவலையின் கிழிந்த மூலை. கடைசியாக வாசற்கதவு. உள்ளே விளக்கை அணைத்துவிட்டுக் கதவின் அடியில் பாருங்கள், தாழ்வார வெளிச்சம் தெரிந்தால் சுண்டெலிக்கும் வழி தெரியும்.

எதைக் கொண்டு அடைப்பது? துணி, தெர்மாகோல், பஞ்சு எதுவும் நிற்காது. ஸ்ப்ரே செய்யும் நுரையை மட்டும் அடித்துவிட்டுப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள். சுண்டெலி அதைக் கடித்துத் துப்பிவிட்டு, துப்பியதையே கூட்டுக்கு மெத்தையாக்கும். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நாரைத் துவாரத்தில் இறுகத் திணித்து, அதன் மேல் சிமென்ட்டோ எம்-சீலோ பூச வேண்டும். சாதா இரும்பு நார் வேண்டாம், நம் கடற்கரைக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து உதிரும். பெரிய திறப்புகளுக்கு 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த கண்ணுள்ள கம்பிவலை. கதவடியில் அலுமினியப் பட்டை வைத்த தடுப்பு. செலவு சில நூறு ரூபாய், கொத்தனார் கூலி தனி.

தீனியின் பக்கம் சமையலறை மட்டுமல்ல. அரிசியும் பருப்பும் எவர்சில்வர் டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கும் வீட்டில், பூஜை அறையில் நேற்று வைத்த பொரியும் வாழைப்பழமும் எண்ணெய் ஊறிய திரியும் அப்படியே இருக்கும். குளியலறைச் சோப்பைக்கூடக் கொறிக்கும், அதில் கொழுப்பு இருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் வைத்து மீந்த தீனி, காக்கைக்கு வைத்த சோறு, பால்கனியில் புறாவுக்கு இறைத்த தானியம் எல்லாம் இரவில் சுண்டெலிக்குத்தான்.

பரணையும் விட்டுவிடக் கூடாது. கொலு பொம்மைகளை வைக்கோலிலும் பழைய செய்தித்தாளிலும் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கி மேலே ஏற்றினால் அடுத்த நவராத்திரி வரை யாரும் தொடுவதில்லை. சுண்டெலி கேட்பது அதையேதான்: இருட்டு, அமைதி, கிழிக்கக் காகிதம். பெட்டியைத் திறந்தால் காகிதக்கூழ் பொம்மையின் கை கொறிபட்டிருக்கும், செட்டியார் பொம்மையின் காலடியில் பொடிப்பொடியாகக் கிழித்த காகிதப் பந்துக்குள் கண் திறக்காத ரோஜா நிறக் குட்டிகள் கிடக்கும். அட்டைப்பெட்டிக்குப் பதிலாக மூடி இறுகும் தகரப் பெட்டி, வைக்கோலுக்குப் பதிலாகப் பழைய பருத்தித் துணி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறக்கித் திறந்து பார்த்தல், இவ்வளவு போதும்.

ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும் இருப்பவர்களுக்கு இந்த அடைப்பு வேலையில் பாதி பொருந்தாது. கூரையே சந்தாக இருக்கும்போது எதை அடைப்பது? அங்கே உணவை உலோகத்துக்குள் கொண்டு வருவதும் பொறியும்தான் முதல் வழி. நல்ல மூடியுள்ள இரண்டு தகர டின், விஷப் பொட்டலங்களுக்கு ஓர் ஆண்டில் ஆகும் செலவைவிட அதிகம் ஆகாது.

பூனை வளர்த்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல பூனை ஒன்றிரண்டைப் பிடிக்கும், மற்றவற்றை ஒளியவைக்கும். சுவருக்குள் இருப்பவற்றை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு வைக்கும் தீனியே சுண்டெலிக்கு விருந்தாவதும் நடக்கும். பூனையை அன்புக்காக வளர்க்கலாம்.

அடைத்து முடித்ததும் சரிபார்க்க ஒரு சுலப வழி உண்டு. இரவு படுக்குமுன் கோலப்பொடியை, அரிசிமாவை அல்ல, வெள்ளைக் கல்பொடியை, அடைத்த இடங்களுக்கு முன்னால் மெல்லத் தூவிவிட வேண்டும். காலையில் டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடித்துப் பார்த்தால், முன்னங்காலின் நாலு விரலும் பின்னங்காலின் ஐந்து விரலும் நடுவே வால் இழுத்த கோடும் தெளிவாக விழுந்திருக்கும். தடத்தின் திசை எந்தச் சந்து மிச்சம் என்பதைச் சொல்லிவிடும். இரண்டு வாரம் பொடி கலையாமல் இருந்தால் வேலை முடிந்தது.

அடுக்ககங்களில் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. மேலிருந்து கீழ்வரை குழாய்கள் ஓடும் அந்தக் கூண்டு யாருடைய வீடும் அல்ல. மூன்றாம் மாடியில் ஒருவர் தம் ஓட்டையை அடைத்தால் சுண்டெலி நான்காம் மாடிக்கு ஏறும், இரண்டாம் மாடிக்கு இறங்கும். கூண்டின் அடித்தளத்துக் கம்பிவலை, மாடிதோறும் குழாய் நுழையும் துவாரம், குப்பை சேர்க்கும் அறையின் கதவு, மின்பெட்டிகளின் மூடி ஆகியவை பொதுச் சொத்து, பொதுச் செலவு. சங்கத்தின் ஆண்டுக் கணக்கில் லிஃப்ட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் பராமரிப்புத் தொகை ஒதுக்குவதுபோல இதற்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். பூச்சி ஒழிப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்போது எந்த மருந்தை எங்கே வைப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். வீடுகளுக்குள் நச்சுக்காற்று கிளப்பும் எதையும் வைக்கக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் துவாரத்தைக் காட்டினால் உரிமையாளர் அடைத்துத் தர வேண்டும். காலி செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது பக்கத்து வீட்டுக் குழந்தையையும் பாதிக்கும். அடுத்த மாதப் பொதுக்குழுவில் லிஃப்ட் கணக்குக்கு முன்பாக இதை எடுத்துக்கொள்ளுமாறு சங்கத்தைக் கேட்டுக்கொள்ளலாம். மழைக்காலம் தொடங்குமுன் கூண்டின் அடித்தளத்தைத் திறந்து பார்ப்பது நல்லது.